சிரிப்பினூடே நழுவிய சொல்

நகைச்சுவைக் காட்சியொன்றில் ஒரு பாத்திரம் போகிற போக்கில் ஒரு சொல்லை உதிர்க்கிறது, பார்ப்போர் சிரிக்கின்றனர், காட்சி நகர்ந்துவிடுகிறது. அச்சொல்லை விளையாட்டென்று விட்டுவிடுவதா, மெய்யென்று பற்றிக்கொள்வதா? 2009 முதல் 2015 வரை 121 பகுதிகளாக அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் வெளிவந்த ‘கிளீ’ என்னும் இசை நகைச்சுவைத் தொடரின் இரசிகர்கள் இவ்வினாவுக்குத் தந்த விடை எண்ணிப் பார்க்கத்தக்கது.

ஒஹாயோ மாநிலத்துப் பள்ளியொன்றின் பாடகர் குழுவே கதைக்களம். பிரிட்டனி, சாண்டானா என்னும் இரு மாணவியர், குவின் என்னும் தலைவிக்குப் பின்னே நிற்பதற்கென்றே படைக்கப்பட்டவர்போல் முதலில் தோன்றினர். பிரிட்டனியாக நடித்த ஹெதர் மாரிஸ், மற்ற நடிகர்களுக்கு ஒரு நடனத்தைக் கற்பிக்கவே முதலில் அழைக்கப்பட்டவர். 2009 டிசம்பரில் வந்த ஒரு தொலைபேசிக் காட்சியில், தனக்கும் சாண்டானாவுக்கும் தோழமையைக் கடந்த நெருக்கம் உண்டென்பதைப் பிரிட்டனி வெகுளித்தனமாகச் சொல்லிவிடுகிறாள். ஒரே வரி. சிரிக்கவைத்தல் அன்றி அதற்கு வேறு வேலை இருந்ததாகத் தெரியவில்லை.

ஆனால் இரசிகர்கள், அவர்களுள்ளும் தன்பாலீர்ப்புடைய இளம்பெண்கள், அவ்வரியை விடவில்லை. பள்ளி நடைக்கூடத்தில் இருவரும் சுண்டுவிரல் கோத்து நடப்பதையும், ஒருத்தி பேசும்போது மற்றவள் பார்க்கும் பார்வையையும் திரட்டினர். இரு பெயர்களையும் இணைத்துப் ‘பிரிட்டானா’ என்றனர். உறவு எனப் பொருள்படும் ‘ரிலேஷன்ஷிப்’ என்ற சொல்லின் வாலை மட்டும் நறுக்கியெடுத்து, இவ்வாறு இணை சேர்த்துப் பார்ப்பதை ‘ஷிப்’ என்பர். (வாலை வைத்துக்கொண்டு தலையை விட்ட சொல் வேறெங்கேனும் உண்டோ!)

‘இல்லாததைக் கற்பிக்கிறார்கள்’ என்று பிறர் எள்ளினர். இக்குற்றச்சாட்டை நிதானமாக நோக்குக. ஒரு வாலிபனும் ஒரு நங்கையும் திரையில் ஒருமுறை நோக்கிக்கொண்டால் போதும். எள் என்பதற்குமுன் எண்ணெயாய் நின்று காதலென்று முடிவு கட்டிவிடுகிறோம். அதற்கு எவரும் சான்று கேட்பதில்லை. 1993-இல் அலெக்சாண்டர் டோட்டி என்னும் ஆய்வாளர், ‘லாவெர்ன் அண்ட் ஷெர்லி’ முதலான பழைய நகைச்சுவைத் தொடர்களை எடுத்துக்காட்டி, இத்தகைய வாசிப்பு வழக்கமான வாசிப்பினும் எவ்வகையிலும் குறைந்ததன்று என்று வாதிட்டார். அவ்வுறவுகள் குறித்து நம் இல்லங்களில் என்ன பேசப்படும் என்பதை நீங்கள் அறிவீர்கள். இங்கு நான் கேட்பது வேறு: நூலையோ காட்சியையோ ஊன்றிப் பார்ப்பவர் நேர்மையாகப் பார்த்தாரா? பிரிட்டானா இரசிகர்கள் நேர்மையாகவே பார்த்தனர் என்பேன். அவர்கள் புதிதாக எதையும் சேர்க்கவில்லை. எழுதியவர்கள் சிரிப்புக்காக இட்டதைச் சிரிக்காமல் வாசித்தனர், அவ்வளவே.

2011 மார்ச்சில் சாண்டானா தன் உள்ளத்தைப் பிரிட்டனியிடம் அழுதுகொண்டே திறந்தாள். அவ்வாண்டு நவம்பரில், உண்மையறிந்த பாட்டி அவளை வீட்டைவிட்டு வெளியேறச் சொன்னாள். நகைச்சுவைத் தொடரில் அக்காட்சியில் சிரிப்பு இல்லை. 2015 பிப்ரவரியில் இருவருக்கும் திருமணம் நிகழ்ந்தபோது அதே பாட்டி வந்து அமர்ந்தாள். சாண்டானாவாக நடித்த நாயா ரிவேரா 2020 ஜூலையில் கலிபோர்னியாவின் பிரு ஏரியில் மூழ்கி இறந்தபோது, தம் பெற்றோரிடம் உண்மையைச் சொல்லும் துணிவை அந்தப் பாத்திரமே தந்ததென்று பலர் எழுதினர்.

அதே தொடரில் வேறோர் இணையும் உண்டு: குவின், ரேச்சல். ஒரு வாலிபனை முன்னிட்டுப் பகைத்துப் பின் தோழியரானவர்கள். இவர்களையும் ‘ஃபேபெர்ரி’ என்று சேர்த்தனர். பள்ளி முடியும் வேளையில், 2012-இல், குவின் இரண்டு இரயில் பயணச்சீட்டுகளை வாங்கி ஒன்றை ரேச்சலிடம் நீட்டுகிறாள். தான் படிக்கவிருக்கும் நியூ ஹேவனுக்கும் ரேச்சல் செல்லவிருக்கும் நியூயார்க்குக்கும் இடையே வந்துபோவதற்கு. காதலுக்கு இதைவிடச் சான்று வேண்டுமோ என்றனர் இரசிகர்கள். எனக்கோ இங்கே தராசு சற்றுத் தாழ்கிறது. பிரிந்துபோகும் தோழி வழிச்செலவு தந்து ‘வா’ என்பதற்குத் தோழமையே போதுமானது. அதனை வேறொன்றின் மறைப்பாகக் கொண்டால் அந்தக் கொடை சிறுத்துவிடும் என அஞ்சுகிறேன். ஆயினும், தம்மைப்போன்றோரைத் திரையில் காணாது காத்திருந்தவர்களுக்கு அச்சீட்டு பெரிதாய்த் தெரிந்ததில் வியப்பில்லை. பசித்தவன் பார்வை வேறு.

என் கோபம் இரசிகர்மீதன்று. வரப்போவதில்லை என்று தெரிந்தும், பார்ப்போர் கூட்டம் கலையாதிருக்க இருபெண் பார்வையை அளவாகத் தெளித்துவைக்கும் தயாரிப்பாளர் தொலைக்காட்சியுலகில் உளர். கேட்டால் ‘வெறும் வேடிக்கை’ என்பர். நகைச்சுவை அவர்களுக்கு வசதியான போர்வை. ‘கிளீ’ எழுத்தாளர்கள் ஓர் இணையின் பொருட்டுத் தாம் சொன்ன வேடிக்கைக்குப் பொறுப்பேற்றனர். ஃபேபெர்ரிக்கு அவர்கள் ஆம் என்றும் சொல்லவில்லை. 2015 மார்ச்சில் தொடர் முடிந்தது. அந்த இரயில் பயணத்தை இரசிகர்கள் தம் சொந்தக் கதைகளில் எழுதிக்கொண்டனர்.