நீரிழிவுக்கு நீதி மறுப்பா?

ஏற்காட்டு மலை மாரமங்கலத்து இளைஞன் ஒருவன் பட்டாளத்தில் சேருகிறான் என்று வைத்துக் கொள்வோம். மேடும் பள்ளமும் ஏறியிறங்கி உரமேறிய உடல். நெஞ்சளந்து, கண் பார்த்து, நோயில்லை என்று எழுதியே சேர்க்கிறார்கள். ஆண்டுகள் பல காவல் காக்கிறான். உறக்கமில்லா இரவு, வேளை தவறிய உணவு, ஓயாத கவலை! கடைசியில் நீரிழிவு. உடல் தகுதியில்லையென வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

ஊனப் பென்ஷன் கேட்டால், "இது வாழ்க்கைமுறை நோய், அமைதிப் பகுதியில் இருந்தபோது வந்தது" என்று பதில்! அந்த வாழ்க்கையை வகுத்தவர் யார்? உண்ணும் வேளையும் உறங்கும் இடமும் அவன் தேர்ந்ததா, பட்டாளம் விதித்ததா?

சேரும்போது இல்லாத நோய் பின்னர் வந்து, அதனால் விலக்கப்பட்டால், பணியால் வந்ததென்றே கொள்க. அல்லவென்று மெய்ப்பிப்பது சர்க்காரின் பொறுப்பு என்று 2013-ல் தரம்வீர் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் உரைத்தது. 2025 மார்ச்சில் டில்லி உயர்நீதிமன்றமும், நீரிழிவுக்குப் பென்ஷன் இல்லையென்ற மத்திய சர்க்காரின் வாதத்தைத் தள்ளிற்று. வியட்நாம் காடுகளில் களைக்கொல்லி நஞ்சைத் தெளித்த அமெரிக்காவே, அங்கு போரிட்ட தன் சிப்பாய்க்கு வரும் நீரிழிவைப் பணியின் விளைவென 2001 முதல் ஏற்கிறது. இங்கே 2023-ல் விதிகள் மாறின, நீதியும் மாறலாமா?

தீர்ப்பிருந்தும் ஒவ்வொருவனும் வழக்காட வேண்டுமா? மாரமங்கலத்தான் இருபது கொண்டையூசி வளைவு இறங்கி, சேலத்தில் ரயிலேறி, சென்னைப் படையினர் தீர்ப்பாயத்தின் படியேற வேண்டுமா?

தோழர்களே! மறுப்புக் கடிதத்தோடு வரும் முன்னாள் சிப்பாய்க்கு மேல்முறையீடு எழுதத் துணை நில்லுங்கள். அவன் கேட்பது பிச்சையல்ல. உடலால் உழைத்த உழைப்பின் பாக்கி!