முயலின் பல்லையும் பாருங்கள்



கிளிநொச்சியில் நான் போய்வரும் வீடுகளில் பிள்ளைகள் ஆசையாக முயல் வளர்க்கிறார்கள். இழப்புகளைக் கண்ட பிள்ளைகளுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால், "தின்னாமலே கிடந்து செத்துப்போச்சு அக்கா" என்றும் சொல்லக் கேட்கிறேன். பல்லும் அதற்கு ஒரு காரணம்.

முயலின் 28 பற்களும் ஆயுள் முழுவதும் வளரும். முன்பல் வாரத்துக்குச் சுமார் 2 மில்லிமீற்றர் வளரும். புல்லை அரைத்துத் தின்றால்தான் பல் தேயும். பாணும் சோறும் மட்டும் கொடுத்தால் பல் நீண்டு நாக்கைக் குத்தும்.

வீணீர் வடிந்து நாடி நனைந்தாலோ, புழுக்கை சிறுத்தாலோ கவனியுங்கள். ஒரு நாள் தின்னாவிட்டாலே உயிருக்கு ஆபத்து. நகம்வெட்டியால் நறுக்காதீர்கள், பல் பிளந்துவிடும். உடனே அரச கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

கினிப்புல்லோ அறுகம்புல்லோ எந்நேரமும் கூட்டில் இருக்கட்டும். வாரம் ஒருமுறை முயலை நீங்கள் பிடியுங்கள். பிள்ளை உதட்டை விலக்கிப் பல்லைப் பார்க்கட்டும்.