சூரியப் புயலில் குறையும் கதிர்கள்

சூரியப் புயல் பற்றிய செய்தி வந்தாலே, பூமியின் மேல் காஸ்மிக் கதிர்கள் கூடுதலாகப் பொழியும் என்ற பயமும் சேர்ந்து வருகிறது. பெரும்பாலும் நடப்பது இதற்கு நேர்மாறு.

காஸ்மிக் கதிர்களில் பெரும்பகுதி புரோட்டான்கள். நம் சூரியக் குடும்பத்துக்கு வெகு தொலைவிலிருந்து வருபவை. சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் துகள்காற்று தன்னோடு காந்தப்புலத்தையும் இழுத்துச் செல்கிறது. மின்னேற்றமுள்ள துகள் காந்தப்புலத்தில் நேராகப் போக முடியாது. வளைகிறது, சிதறுகிறது, பல வந்த வழியே திரும்பிவிடுகின்றன. ஆகவே சுமார் 11 ஆண்டுச் சுழற்சியில் சூரியன் கொந்தளிக்கும்போது இங்கு வரும் கதிர்கள் குறையும், அடங்கியிருக்கும்போது கூடும். பெரும் புயலில் சூரியன் உமிழும் பிளாஸ்மா மேகம் பூமியைக் கடந்தால், சில மணி நேரத்திலேயே கதிர்களின் எண்ணிக்கை சில சதவீதம் சரியும். பழைய நிலைக்குத் திரும்பப் பல நாட்கள் ஆகும். 1930களில் இதைக் கவனித்த அமெரிக்கரின் பெயரால் இது ‘ஃபோர்புஷ் இறக்கம்’ எனப்படுகிறது.

சூரியனே சில சமயம் வேகமான துகள்களை வீசுவதுண்டு. குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. அவற்றின் ஆற்றல் பொதுவாகக் குறைவு. விண்வெளி வீரர்களுக்கும் செயற்கைக்கோள்களுக்கும் அவை ஆபத்து. தரையை எட்டுவது அபூர்வம்.

புயலின்போது கதிர்கள் குறையும் என்பதற்கு விதிவிலக்கு ஒன்றை ஊட்டி பதிவு செய்தது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ‘கிரேப்ஸ்-3’ ஆய்வுக்கூடம் அங்கு இருக்கிறது. காஸ்மிக் கதிர்கள் காற்று மண்டலத்தில் மோதும்போது பிறக்கும் மியூவான்களை அது எண்ணுகிறது. கோலார் தங்கச் சுரங்கத்தில் புரோட்டான் சிதைவைத் தேடிய குழாய்களே இங்கு மியூவான்களைப் பிடிக்கின்றன. நம் அறிவியல் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த மறுபயன்பாடு இது. 2015 ஜூன் 22 நள்ளிரவை ஒட்டி, அங்கு மியூவான்கள் இரண்டு மணி நேரம் திடீரெனப் பெருகின. புயலோடு வந்த காந்தப்புலம் தென்திசை நோக்கியிருந்ததால், வடதிசை நோக்கிய பூமியின் புலத்தோடு பின்னி அதைத் தற்காலிகமாக நலிவடையச் செய்திருந்தது. வழக்கமாக விலக்கப்படும் துகள்கள், சுமார் 20 ஜிகா எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் கொண்டவை, உள்ளே நுழைந்தன.

நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதே ஊட்டியின் பலம். காந்தக் காப்பு அங்கு மிக வலுவானது. அதனால் சிறு தளர்வும் எண்ணிக்கையில் தெரிந்துவிடுகிறது. அன்றைய தளர்வைத்தான் ‘பூமியின் கவசத்தில் விரிசல்’ என்று செய்திகள் எழுதின. ஆனால் உடைந்தது எதுவுமில்லை. புலம் சில மணி நேரம் தளர்ந்தது, பிறகு மீண்டது. அதற்குக் கீழே, கடல் மட்டத்தில் பத்து மீட்டர் ஆழத் தண்ணீருக்கு ஈடான எடையுள்ள காற்று மண்டலம் அன்றும் இருந்தது.