கடல் தாண்டாத 1800

வங்கியிலிருந்து வரும் அழைப்பு இனிமேல் 1600 என்று தொடங்கும் எண்ணிலிருந்துதான் வரும், வேறு எண்ணிலிருந்து வந்தால் நம்பாதீர்கள் என்கிறார்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2025 நவம்பரில் போட்ட உத்தரவில் வணிக வங்கிகளுக்கு 2026 ஜனவரி 1 என்று கெடுவே வைத்துவிட்டது. நல்ல ஏற்பாடு. போலி அழைப்புக்குப் பணத்தைப் பறிகொடுத்த குடும்பங்களை அறிந்தவன் என்பதால் இதை மனமார வரவேற்கிறேன். ஆனால், வங்கி நம்மைக் கூப்பிடும் பாதையைச் சீர்செய்ய இவ்வளவு மெனக்கெட்டவர்கள், நாம் வங்கியைக் கூப்பிடும் பாதையை ஒருமுறையாவது நடந்து பார்த்தார்களா? ஏடிஎம் அட்டையைத் திருப்பினால் பின்புறத்தில் இருக்கும் 1800 எண்ணைச் சொல்கிறேன். ஆபத்து நேரத்தில் அடிக்கச் சொல்லி அச்சிட்டிருக்கும் அந்த எண், நாட்டின் எல்லையோடு நின்றுபோகிறது.

என் அக்கா மகன் ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக். சென்ற ஆண்டு ஒரு வியாழக்கிழமை இரவு, வேலை முடிந்து கேம்புக்கு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது கைப்பேசியில் குறுஞ்செய்தி வந்தது. அவனுடைய வங்கிக் கணக்கிலிருந்து 24,000 ரூபாய் போயிருந்தது. இதைச் செய்தது நீங்கள் இல்லையென்றால் உடனே அழைக்கவும் என்று கீழே ஒரு 1800 எண். அடித்தான். அரபியில் ஒரு குரல், பிறகு ஆங்கிலத்தில் அதே குரல்: நீங்கள் அழைத்த எண் தவறானது. 91 சேர்த்து அடித்தான். அதற்கு முன்னால் இரண்டு சைபர் போட்டு அடித்தான். பிளஸ் குறி போட்டு அடித்தான். குரல் மாறவில்லை. அங்கே பதினொன்றரை, பரமக்குடியில் ஒரு மணி. அங்கே வாட்ஸ்அப்பில் பேச முடியாது, போட்டிம் செயலியில்தான் அம்மாவை எழுப்பினான்.

அக்கா இங்கிருந்து அதே எண்ணை அடித்தார். முதல் ரிங்கிலேயே எடுத்தார்கள். பதிவு செய்த குரல் மொழி கேட்டது, கணக்கின் கடைசி நான்கு இலக்கம் கேட்டது, கடைசியில் வந்த பெண், “கணக்குதாரர்தான் பேசணும்மா, அதுவும் ரிஜிஸ்டர் பண்ண நம்பர்லேருந்து” என்று சொல்லிவிட்டார். “அவனால இந்த நம்பருக்கு அடிக்க முடியலம்மா, அதனாலதானே நான் கூப்பிடுறேன்” என்று அக்கா கெஞ்சியது எடுபடவில்லை. ஒன்றரை மணிக்கு என் கைப்பேசி அடித்தது. “தம்பி, பணம் போயிக்கிட்டே இருக்காம்டா. யாருக்குச் சொல்றதுன்னு தெரியல.” விடிவதற்குள் மேலும் இரண்டு முறை 24,000 போனது. கிளை திறந்து, மேலாளர் நாற்காலிக்கு வந்து, கணக்கை முடக்கும்போது மணி பத்தே கால்.

அந்த வங்கியின் பெயர் இங்கே தேவையில்லை. இது ஒரு வங்கியின் கோளாறாக இருந்தால் அவர்களுக்குக் கடிதம் எழுதிவிட்டுச் சும்மா இருந்திருப்பேன்.

1800 எண்ணுக்கென்று தனிக் கம்பி எதுவும் கிடையாது. நாம் அடித்ததும் தொலைபேசி நிறுவனத்தின் கணினி ஒரு பட்டியலைப் புரட்டி, இந்த எண்ணுக்குரிய உண்மையான இணைப்பு எந்த ஊரில் இருக்கிறது என்று பார்த்து, அழைப்பை அங்கே திருப்பிவிடுகிறது. கட்டணத்தை நம் தலையில் எழுதாமல் வங்கியின் கணக்கில் எழுதுகிறது. உள்நாட்டில் இது சிக்கலில்லாமல் நடக்கிறது. அமீரகத்தில் இருக்கும் தொலைபேசி நிறுவனத்துக்கோ நம் வங்கியோடு ஒப்பந்தம் எதுவும் இல்லை. கூப்பிடுகிறவரிடம் காசு வாங்கக் கூடாது, வங்கியிடம் வாங்க வழியில்லை என்னும்போது, அது அந்த அழைப்பைச் சுமக்காமல் தட்டிவிடுகிறது. அமெரிக்காவில் ஏடி அண்ட் டி நிறுவனம் 1967-இல் 800 எண்களைத் தொடங்கியதிலிருந்தே இலவச எண்களுக்கு இந்தக் குறை உண்டு. சிங்கப்பூர், மலேசியா, ஆஸ்திரேலியாவில் இன்னொரு குழப்பம். அங்கே உள்ளூர் இலவச எண்களும் 1800 என்றே தொடங்கும். அட்டையில் இருப்பதை அப்படியே அடித்தால், அந்த ஊர் எண்ணாகவே அது எடுத்துக்கொள்ளப்படும்.

உலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் இதற்கு 1990-களிலேயே வழி கண்டுவிட்டது. 800 என்பதையே ஒரு நாட்டுக் குறியீடு போல ஒதுக்கி, அதன்பின் எட்டு இலக்கங்களோடு உலகப் பொது இலவச எண் ஒன்றை ஏற்படுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் இயற்றிய தொலைத்தொடர்புச் சட்டத்தில், உறுப்பு நாடுகளின் எண்களையும் இந்த உலக எண்ணையும் மக்கள் ஒன்றியத்துக்குள் இயன்றவரை எங்கிருந்தும் அடிக்க முடிய வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறது. நான் அவ்வளவு தூரம் போகவில்லை. ஒவ்வொரு 1800-க்குப் பின்னாலும் ஒரு சாதாரண எண் இருக்கிறது. அதை +91 போட்டு அட்டையில் அச்சிடுங்கள். என் மருமகன் அழைப்புக் கட்டணத்தைத் தன் சம்பளத்திலிருந்தே கொடுத்துக்கொள்வான். இலவசமாகப் பேச வேண்டும் என்று அவன் கேட்கவில்லை. பேச வேண்டும் என்றுதான் கேட்கிறான்.

இதற்குச் செலவாகும் என்று யாராவது சொன்னால், அவர்களிடம் 65 காசுக் கணக்கைக் காட்டுவேன். வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்பை இந்தியாவில் முடித்துக்கொடுக்க, இங்குள்ள தொலைபேசி நிறுவனத்துக்குக் கிடைக்கும் கட்டணம் ஒன்று உண்டு. 2018 பிப்ரவரியில் அது நிமிடத்துக்கு 30 காசு. 2020 மே முதல் 35 காசிலிருந்து 65 காசுக்குள் இருக்கலாம் என்று டிராய் நிர்ணயித்தது. அந்தக் காசையும் வங்கி கொடுக்க வேண்டியதில்லை, அழைப்பை அனுப்பும் பக்கம்தான் கொடுக்கிறது. பத்து நிமிடம் பேசினாலும் ஆறரை ரூபாய். சாதாரண எண்ணில் வரும் அழைப்புக்கு வங்கி கொடுக்க வேண்டியது எதுவுமில்லை. 1800-இல் உள்நாட்டு அழைப்பு வந்தால்தான் வங்கிக்குச் செலவு. வெளிநாட்டில் இருக்கிறவர் தன் காசைப் போட்டுக் கூப்பிடுகிறார், வங்கிக்கு அது மிச்சம். நான் எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் இந்தக் கணக்கில் மறுப்புக்கு இடம் தெரியவில்லை.

எங்கள் இணையதளத்தில் வெளிநாட்டு எண் இருக்கிறதே என்பார்கள் வங்கிக்காரர்கள். சில வங்கிகளிடம் இருப்பது உண்மைதான். பாரத ஸ்டேட் வங்கி 080-26599990 என்று ஒரு சாதாரண எண்ணை வைத்திருக்கிறது. அப்படியானால் குறுஞ்செய்தியில் அந்த எண்ணையும் சேர்த்து அனுப்ப என்ன தடை? நள்ளிரவில் கை நடுங்குகிறவன் இணையதளத்தில் ஐந்தாவது பக்கத்தின் அடியில் போய்த் தேட மாட்டான். கூகுளில் தேடுவான். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. போலி வாடிக்கையாளர் சேவை எண்களைத் தேடுபொறியில் போட்டு ஏமாற்றும் மோசடியை, ரிசர்வ் வங்கி 2022-இல் வெளியிட்ட விழிப்புணர்வுக் கையேடே எச்சரிக்கிறது. மோசடிக்காரன் போட்டிருப்பது சாதாரணக் கைப்பேசி எண். அது உலகின் எந்த மூலையிலிருந்து அடித்தாலும் ஒலிக்கும். திருடனின் எண் கடல் கடந்து ஒலிக்கிறது, வங்கியின் எண் ஒலிக்கவில்லை. செயலியிலேயே கணக்கை முடக்கலாம் என்பது அடுத்த பதில். செயலிக்குள் நுழைய ஓடிபி வேண்டும், ஓடிபி இந்திய சிம்முக்கு வரும், பலருக்கு அந்த சிம் ரீசார்ஜ் இல்லாமல் ஊரில் மேசை டிராயரில் கிடக்கும். இதற்கு மேல் அந்த வாதத்துக்கு நான் நேரம் ஒதுக்கப்போவதில்லை.

செலவைக் காரணம் காட்டுகிறவர்கள் ‘மிஸ்டு கால்’ என்ற நம் ஊர்க் கண்டுபிடிப்பையும் எண்ணிப்பார்க்க வேண்டும். பையில் ஒரு ரூபாய் மிச்சமிருந்த காலத்தில், ஒரு ரிங் விட்டு வைத்துவிட்டு, வந்து சேர்ந்துவிட்டேன் என்று வீட்டுக்குச் சொன்ன ஜனங்கள் நாம். வெளிநாடுவாழ் மலையாளிகளுக்கான கேரள அரசுத் துறையான நோர்க்கா இதைக் கொண்டே ஒரு சேவை நடத்துகிறது. நாட்டுக்குள் இருந்தால் 1800 எண், வெளிநாட்டில் இருந்தால் ஒரு சாதாரணக் கைப்பேசி எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் போதும், அவர்களே திரும்பக் கூப்பிடுவார்கள். தமிழ்நாட்டின் அயலகத் தமிழர் நலத்துறையும் இப்படித்தான் வைத்திருக்கிறது. உள்ளூருக்கு ஒரு 1800, கடல் கடந்தவருக்குத் தனியே ஒரு மிஸ்டு கால் எண். வெளியுறவு அமைச்சகம் துபாயில் நடத்தும் பிரவாசி பாரதிய உதவி மையத்துக்கு அமீரகத்துக்குள்ளேயே இலவசமாக அடிக்கலாம். எண் 800 46342. பழைய பட்டன் போனில் அந்த 46342 என்ற ஐந்து இலக்கத்தையும் ஆங்கில எழுத்தாகப் பார்த்தால் ‘இந்தியா’ என்று வரும். எழுத்து சரியாகத் தெரியாத தொழிலாளியும் மனப்பாடமாக வைத்துக்கொள்ளட்டும் என்று யாரோ ஒரு அதிகாரி உட்கார்ந்து யோசித்திருக்கிறார். அவரை நினைத்தால் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கிறது. மாநில அரசின் ஒரு துறைக்குத் தோன்றிய இந்த யோசனை, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான கோடி லாபம் காட்டும் வங்கிகளுக்குத் தோன்றவில்லை என்பதை நம்ப நான் தயாராக இல்லை. தோன்றியிருக்கும். செய்ய வேண்டிய கட்டாயம் இல்லாததால் விட்டுவிட்டார்கள்.

கட்டாயம் இல்லாததன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதற்கு 2017 ஜூலை 6-ஆம் தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கையைப் படிக்க வேண்டும். தவறு வங்கியிடமும் இல்லாமல் வாடிக்கையாளரிடமும் இல்லாமல் வேறெங்கோ நடந்திருந்தால், மூன்று வேலை நாளுக்குள் புகார் சொன்னவருக்கு ஒரு ரூபாய்கூட நட்டமில்லை. நான்கிலிருந்து ஏழு நாள் என்றால், சாதாரண சேமிப்புக் கணக்குக்காரர் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் 10,000 ரூபாய் வரை தானே சுமக்க நேரிடும். அதையும் தாண்டினால் வங்கி இயக்குநர் குழு வைத்ததுதான் சட்டம். வாடிக்கையாளர் ஏமாந்து ஓடிபியைச் சொல்லியிருந்தால் விதி இன்னும் கடுமை. புகார் சொல்லும் நிமிடம் வரை போன பணம் முழுக்க அவருடையது, சொன்ன பிறகு போவதுதான் வங்கியுடையது. ஆக, அந்த அழைப்பு ஒலித்த நேரம்தான் நட்டம் யார் தலையில் என்பதை முடிவு செய்கிறது. இருபத்து நான்கு மணி நேரமும் புகார் சொல்ல வழியும், தனி இலவச எண்ணும் வேண்டும் என்று அதே சுற்றறிக்கை கேட்கிறது. அந்த எண் வெளிநாட்டிலிருந்தும் ஒலிக்க வேண்டும் என்ற ஒரு வரியை எழுத மறந்துவிட்டது. சைபர் மோசடிக்கு அரசு கொடுத்திருக்கும் 1930, ரிசர்வ் வங்கியின் சொந்தப் புகார் எண்ணான 14448, இவையும் குறு எண்கள். இவையும் கடல் தாண்டுவதில்லை.

இதை மறதி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2024-25-இல் வெளிநாட்டிலிருந்து இந்தியர்கள் வீட்டுக்கு அனுப்பிய பணம் 13,500 கோடி டாலருக்கும் மேல். ரிசர்வ் வங்கியின் 2023-24 ஆய்வின்படி அப்படி வரும் பணத்தில் அமீரகத்தின் பங்கு 19.2 சதவீதம், பெறுவதில் தமிழ்நாட்டின் பங்கு 10.4 சதவீதம். அந்தப் பணம் வரும் வழியெல்லாம் அகலமாக இருக்கிறது. வெளிநாட்டுக் கைப்பேசி எண்ணை வைத்தே யுபிஐ பயன்படுத்தலாம் என்று 2023 ஜனவரியில் பத்து நாடுகளுக்கு அனுமதி கொடுத்தார்கள். அமீரகமும் ஓமனும் சிங்கப்பூரும் அந்தப் பட்டியலில் உண்டு. பணம் அனுப்ப அமீரக எண் செல்லும், பணம் திருடுபோனதைச் சொல்ல அதே எண் செல்லாது. வளைகுடாவில் வியர்வை சிந்துகிறவனை வங்கிகள் வைப்புத்தொகையாகப் பார்க்கின்றன, வாடிக்கையாளராகப் பார்க்கவில்லை. இதை நான் கோபத்தில் எழுதவில்லை. அந்த இரவுக்குப் பிறகு பல மாதம் யோசித்துத்தான் எழுதுகிறேன்.

ரிசர்வ் வங்கியால் முடியாதது இல்லை. எல்லா வங்கிகளும் தங்கள் இணைய முகவரியை பேங்க் டாட் இன் என்று முடியும்படி மாற்ற வேண்டும் என்று 2025 ஏப்ரலில் சொன்னது, அக்டோபர் 31 என்று கெடு வைத்தது. முகவரியையே மாற்றச் சொல்ல முடிந்தவர்களால், அட்டையின் முதுகில் ஒரு எண்ணைக் கூட்டி அச்சிடச் சொல்ல முடியும். அடுத்த சுற்றறிக்கையில் மூன்று வரி வேண்டும். ஒவ்வொரு அட்டையிலும் ஒவ்வொரு குறுஞ்செய்தியிலும் +91 போட்ட சாதாரண எண் இருக்க வேண்டும், அதை இரவிலும் ஆள் எடுக்க வேண்டும். பதிவு செய்த எண் கைவசம் இல்லாதவர் வேறு எண்ணிலிருந்து கூப்பிட்டாலும், முதலில் கணக்கை முடக்கிவிட்டுப் பிறகு ஆளைச் சரிபார்க்க வேண்டும். இந்த இரண்டையும் செய்யாத வங்கியில், வெளிநாட்டில் இருக்கும் வாடிக்கையாளருக்கு மூன்று நாள் கணக்கு ஓடவே கூடாது, ஓடிபியைச் சொன்னாரா இல்லையா என்ற கேள்வியும் கூடாது. போன பணம் முழுவதையும் வங்கியே கொடுக்க வேண்டும்.

என் மருமகனின் புகார் இன்னும் விசாரணையில் இருக்கிறது. அவன் இப்போது பரமக்குடிக் கிளையின் தரைவழித் தொலைபேசி எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, அமீரக அடையாள அட்டைக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறான். கிளை மூடிய பிறகு அதையும் யாரும் எடுக்க மாட்டார்கள்.