பழைய ரொட்டரி எஞ்சினுக்கு டேர்போ: கைதட்டுவதற்கு முன் ஒரு கேள்வி



நமது ஊர் வாட்ஸ்அப் குழுமத்தில் மூன்று நாளாக ஒரு வீடியோ சுற்றுகிறது. வளைகுடாவில் வேலை செய்யும் நம்ம தம்பி ஒருவர் பழைய மஸ்டா ஆர்எக்ஸ்-7 கார் வாங்கியிருக்கிறார். காபரேட்டரில் ஓடும் 12ஏ ரொட்டரி எஞ்சின். அதற்குப் பாவித்த டேர்போ ஒன்றைத் தானே பூட்டப் போகிறாராம். கீழே வரிசையாக மாஷா அல்லாஹ். நான் "அவசரப்படாதீங்க தம்பி" என்று எழுதினேன். "சேர், திறமையை மட்டந்தட்டாதீங்க" என்று பதில் வந்தது. அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

நான் திறமையை மட்டந்தட்டவில்லை. எதைத் திறமை என்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

காபரேட்டர் எப்படி வேலை செய்கிறது? எஞ்சின் காற்றை இழுக்கும்போது அதன் ஒடுங்கிய கழுத்தில் அழுத்தம் குறையும். கிண்ணத்தில் இருக்கும் பெற்றோல் ஜெட் வழியாக அந்த இடத்தை நோக்கி ஏறும். அவ்வளவுதான். டேர்போ வந்தால் காற்றை அமுக்கி உள்ளே தள்ளும். கழுத்தில் அழுத்தம் கூடிவிட்டது, கிண்ணத்தில் பழைய அழுத்தமே. பெற்றோல் எப்படி ஏறும்? ஆகவே கிண்ணத்துக்கும் அதே அழுத்தம் கொடுக்க வேண்டும். பம்ப் அதையும் மிஞ்சித் தள்ள வேண்டும். கிண்ணத்துக்குள் இருக்கும் மிதவை நசுங்கக் கூடாது. த்ரொட்டில் தண்டின் ஓரத்தால் பெற்றோல் ஆவி கசியக் கூடாது. கசிந்தால் பக்கத்திலேயே கொதித்துக்கொண்டு நிற்கிறது டேர்போ. வீடியோவில் இதில் ஒன்றைப் பற்றியாவது பேச்சு இருந்ததா?

ரொட்டரி இன்னும் கண்டிப்பான எஞ்சின். பிஸ்டன் இல்லை, வால்வ் இல்லை. முக்கோண ரோட்டர் சுற்றுகிறது. அதன் மூன்று முனைகளிலும் உள்ள மெல்லிய சீல்கள்தான் அறைகளைப் பிரிக்கின்றன. காற்று கூடி பெற்றோல் குறைந்தால், தீப்பொறி நேரத்தையும் பின்தள்ளாமல் விட்டால், கலவை ஒழுங்காக எரியாது, ஒரேயடியாக வெடிக்கும். அந்த அடி முனை சீலில்தான் விழும். உடைந்த துண்டு புகை வழியால் வெளியேறும்போது டேர்போவின் சக்கரத்தையும் அடித்துவிட்டுப் போகும். மாதக்கணக்கில் சேர்த்த காசு ஒரு நொடியில் முடியும்.

மஸ்டா என்ன செய்தது? 1982இல் கொஸ்மோ காரின் 12ஏ எஞ்சினுக்கு டேர்போ கொடுத்தபோது காபரேட்டரை விட்டு இன்ஜெக்‌ஷனுக்குப் போனார்கள். பின்னால் வந்த 13பி டேர்போவில் அமுக்க விகிதத்தை 8.5க்கு வைத்தார்கள். காபரேட்டர் 12ஏயில் அது 9.4. ரொட்டரியோடே வாழ்ந்த கம்பனி இத்தனையும் மாற்றிய பிறகுதான் டேர்போவை வைத்தது. 1991இல் லீ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற அவர்களின் 787பி காரில் நான்கு ரோட்டர், சுமார் 700 குதிரைவலு. டேர்போ கிடையாது.

செய்யவே முடியாது என்று நான் சொல்லவில்லை. செய்பவர்கள் இருக்கிறார்கள். முதலில் எஞ்சினின் அமுக்கத்தை அளக்கிறார்கள். கலவையைக் காட்டும் மீட்டர் பூட்டுகிறார்கள். குறைந்த பூஸ்டில் தொடங்குகிறார்கள். பிரேக்கையும் டயரையும் முதலில் மாற்றுகிறார்கள். பந்தயத் திடலில் ஓட்டுகிறார்கள். திறமை என்றால் அது.

இது வளைகுடாவோடு நிற்கும் விசயமும் இல்லை. அந்த வீடியோவைப் பார்த்துத்தான் இங்கே நம்ம பிள்ளைகள் சைலன்சரை வெட்டுகிறார்கள், பெரிய ஜெட் போடுகிறார்கள். பிரேக் மட்டும் பழையதே. 60இல் போனவன் 90இல் போனால் நிறுத்தத் தேவையான தூரம் ஒன்றரை மடங்கு இல்லை, இரண்டேகால் மடங்கு. கிண்ணியாப் பாலம் 396 மீட்டர். 90இல் போனால் 16 செக்கனில் பாலம் முடிந்துவிடும். அந்தப் பக்கம் பாடசாலை விட்டு வரும் பிள்ளைக்கு ஒதுங்க எத்தனை செக்கன் கிடைக்கும்?

இந்த ஊரில் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2021 நவம்பர் 23ஐ யாரும் மறக்கவில்லை. பாலம் கட்டி முடியும் வரை என்று ஓடிய படகுப் பாதை கவிழ்ந்து, பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் மையித்துகளாக வீடு வந்தார்கள். அன்றைக்குப் பிறகு நாம் எல்லோரும் கேட்ட கேள்வி, "இது எவ்வளவு தாங்கும் என்று யாரும் முன்னமே பார்க்கவில்லையா?" அதே கேள்வியை நம்ம பிள்ளையின் எஞ்சினைப் பார்த்து ஏன் கேட்கிறோமில்லை? ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கப் பழகிய சமூகம் நாம். கட்டாத ஒட்டகத்துக்கு மாஷா அல்லாஹ் போடுவது எந்தக் கணக்கு?

வெளிநாட்டிலிருக்கும் காக்காமாரே, டேர்போவுக்கு அனுப்பும் காசில் பாதியைத் தம்பி முறையாக மோட்டார் மெக்கானிக் படிக்க அனுப்புங்கள். ஊரில் கராஜ் வைத்திருப்பவர்களே, ஒரு சனிக்கிழமை எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு காபரேட்டரைக் கழற்றிக் காட்டுங்கள். பாய் விரித்து உட்கார வைப்பது என் பொறுப்பு. வீடியோ போட்ட தம்பிக்கும் ஒன்று: பூட்டுவதற்கு முன் எஞ்சினின் அமுக்கத்தை அளந்து குழுமத்தில் போடுங்கள். முதல் மாஷா அல்லாஹ் என்னுடையதாக இருக்கும்.