வாடகை வாங்கும் கை பழுதும் பார்க்கட்டும்

மழை ஓய்ந்து வாரக்கணக்கில் ஆன பிறகும் சென்னையின் பழைய அடுக்ககங்களில் சுவரின் ஓதம் காய்வதில்லை. கோடம்பாக்கம், அசோக் நகர், மயிலாப்பூர், அண்ணா நகர் என்று முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் எழுந்த குடியிருப்புகளில் வாடகைக்கு இருப்பவர்கள் ஆண்டுதோறும் ஒரே புகாரைத்தான் சொல்கிறார்கள். மேல்வீட்டுக் குளியலறையிலிருந்து நீர் சொட்டுகிறது, கூரையில் காரை பெயர்கிறது, ஈரச் சுவரில் சுவிட்சைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது, கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டு வீட்டுக்குள் எதிர்த்து வருகிறது. பலமுறை போன் செய்த பிறகு ஹவுஸ் ஓனர் ஒரு பெயின்டரை அனுப்புகிறார். கறை படிந்த இடத்தில் பட்டி பார்த்து வெள்ளையடித்துவிட்டு அவர் போய்விடுகிறார். அடுத்த மழைக்கு அதே இடத்தில் அதே கறை. இதைப் பழுதுபார்த்த கணக்கில் எழுதி வாடகையையும் உயர்த்துவது மோசடி. வன்மையாகக் கண்டிக்கிறோம்.

கசிவைச் சுவரின் அழகு கெடும் விஷயமாக மட்டும் உரிமையாளர்கள் பார்க்கிறார்கள். கான்கிரீட்டுக்குள் இறங்கும் ஈரம் உள்ளேயிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பது. அது உள்ளிருந்து நெருக்க நெருக்க, கான்கிரீட் விண்டு பாளம் பாளமாகக் கீழே விழுகிறது. உப்புக் காற்று வீசும் கடலோர நகரில் இது இன்னும் வேகமாக நடக்கும். திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 2021 டிசம்பர் 27 அன்று அரசு வாரியக் குடியிருப்பு ஒன்று சரிந்து 24 வீடுகள் இடிபாடுகளாயின. விரிசலைக் கண்டு பயந்த மக்கள் முன்கூட்டியே வெளியேறியதால்தான் உயிர்ச்சேதம் இல்லை. கூரையில் விரிசல் என்று குடியிருப்பவர் சொல்லும்போது, அது தொந்தரவு பிடித்தவரின் புலம்பல் என்று ஒதுக்குகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

யார் பழுது பார்க்க வேண்டும் என்பதில் சந்தேகத்துக்கே இடமில்லை. சொத்து உரிமையாளர்கள், வாடகைதாரர்களின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டுச் சட்டம், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன் இரண்டாம் அட்டவணை வேலைகளைப் பிரித்தே வைத்திருக்கிறது. கட்டடத்தின் அமைப்பு சார்ந்த பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, தேவைப்படும்போது குழாய்களை மாற்றுவது, மின்வயரிங் ஆகியவை உரிமையாளரின் பொறுப்பு. தண்ணீர்க் குழாயின் வாஷர், சுவிட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி போன்றவை குடியிருப்பவருடையவை. உரிமையாளர் பழுது பார்க்க மறுத்தால், குடியிருப்பவரே வேலையை முடித்துச் செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாம். வாழவே முடியாத நிலையென்றால் எழுத்தில் 15 நாள் அறிவிப்புக் கொடுத்துவிட்டு வெளியேறலாம், அல்லது துணை ஆட்சியர் நிலையிலுள்ள வாடகை அதிகாரியிடம் முறையிடலாம்.

இவ்வளவு உரிமையும் ஏன் பயன்படவில்லை? அட்வான்ஸ்தான் முதல் காரணம். முன்பணத்துக்குச் சட்டம் சொல்லும் அளவு மூன்று மாத வாடகை. சென்னையில் ஆறு மாதம், பத்து மாதம் என்று வாங்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. அந்தப் பெருந்தொகை உரிமையாளர் கையில் இருக்கும்வரை எந்தக் குடும்பமும் துணிந்து வாடகையில் கழிக்காது, 15 நாளில் வெளியேறவும் செய்யாது. காலி செய்யும்போது 'பெயின்ட் செலவு' என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்கிறார்களே, வெள்ளையடிப்பது யார் பொறுப்பு என்று அட்டவணையைப் படித்த பிறகும் அதைப் பிடிக்க எப்படி மனம் வருகிறது? ஒப்பந்தத்தைப் பதிவு செய்வதும் சட்டத்தின் கட்டளையே. பலர் 11 மாத முத்திரைத்தாளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பதிவில்லாத தாளோடு புகாருக்குப் போகிறவரின் வழக்கு தொடக்கத்திலேயே பலவீனப்படுகிறது.

அடுத்த காரணம் அடுக்ககச் சங்கம். மாதப் பராமரிப்புத் தொகையைப் பெரும்பாலும் கட்டுகிறவர் குடியிருப்பவர். ஆனால் மேல்வீட்டுக் கசிவைச் சொல்லப் போனால், 'உங்கள் ஓனரைப் பேசச் சொல்லுங்கள்' என்கிறார்கள். ஓனர் வெளியூரில் இருப்பார். மேல்வீட்டு ஓனரோ வெளிநாட்டில். இருவருக்கும் நடுவில் வாளியை வைத்துச் சொட்டுநீரைப் பிடித்துக்கொண்டு, இருமும் குழந்தையோடு இரவைக் கழிக்கிறது ஒரு குடும்பம். மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் பழைய குடியிருப்பை இடித்துக் கட்டலாம் என்று 2022ஆம் ஆண்டு அடுக்ககச் சட்டம் வழிசெய்ததும் நல்லதே. ஆனால் 'பில்டர் வரப்போகிறார், இனி இதில் எதற்குச் செலவு' என்று பழுதை நிறுத்திவிட்டு, இடிக்கும் நாள்வரை முழு வாடகை வாங்குவதை எப்படி ஏற்பது? ஓய்வூதியம் இல்லாமல் வாடகையை நம்பி வாழும் முதியவர்களும் உரிமையாளர்களில் உண்டு, அவர்கள் சிரமம் நமக்குப் புரிகிறது. ஆனாலும் வாடகை என்பது வாழத் தகுந்த வீட்டுக்கான விலை.

இங்கிலாந்தின் ராச்டேல் நகரில், பூஞ்சணம் படர்ந்த வாடகை வீட்டில் வளர்ந்த அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்தது. பெற்றோர் புகார் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். நீண்ட நாள் பூஞ்சணத்தைச் சுவாசித்ததே காரணம் என்று 2022இல் மரண விசாரணை கூறியது. அதன் பிறகு வந்த சட்டப்படி, சமூகக் குடியிருப்புகளில் உடனடி ஆபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுத்தாக வேண்டும். ஒரு குழந்தையைப் பலிகொடுத்த பிறகே அங்கே கெடு பிறந்தது. இங்கே எதற்காகக் காத்திருக்கிறோம்?

தமிழ்நாடு அரசு உடனே விதிகளைத் திருத்த வேண்டும். மின்கசிவு, கூரைப் பெயர்ச்சி, கழிவுநீர் எதிரேற்றம் ஆகியவற்றுக்கு எத்தனை நாளில் பழுது பார்க்க வேண்டும் என்று எண்ணிக்கையில் எழுதுங்கள். மேல்வீட்டுக் கசிவில் அந்த வீட்டு உரிமையாளரையும் சங்கத்தையும் நேரடியாக அழைத்து உத்தரவிடும் அதிகாரத்தை வாடகை அதிகாரிக்குக் கொடுங்கள். பதிவு செய்யாத குற்றத்தின் சுமையை உரிமையாளர் தலையில் வையுங்கள். அதற்காகக் குடியிருப்பவரின் புகாரைத் தள்ளாதீர்கள். உரிமையாளர்கள் பெயின்டரை அனுப்பும் முன் பிளம்பரை அனுப்பட்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வருகிறது. மொட்டை மாடித் தளத்தையும் கழிவுக் குழாயையும் வயரிங்கையும் அதற்குள் சரி செய்து முடிக்கட்டும். முடிக்காதவர்கள் அந்த மாத வாடகையை முழுதாகக் கேட்கக் கூடாது.