நீர்ப்பந்தும் மலைநீரும்



கோடை விடுமுறை வந்துவிட்டால் குடும்பம் குடும்பமாகக் கொடைக்கானலுக்குப் புறப்படுகிறோம். பிள்ளைகளின் பையில் பந்தும் மட்டையும் போக, இப்போது பலூன் பொட்டலமும் இடம்பெறுகிறது. குழாயில் பொருத்தி நீர் நிரப்பி, முடிச்சிட்டு, ஒருவர்மீது ஒருவர் எறிந்து நனைந்து மகிழும் விளையாட்டு அது. பெரியவர்கள் முகம் சுளிக்கின்றனர். தாய்மார்களோ, "பிள்ளைகள்தாமே, விளையாடட்டும்" என்று பரிந்து பேசுகின்றனர். இரு சாராரும் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்திகள் சில உண்டு.

நீர் விளையாட்டு தமிழகத்திற்குப் புதிதன்று. மதுரை மக்கள் வையையில் புனலாடிய மகிழ்ச்சியைப் பரிபாடல் விரித்துரைக்கிறது. நீர் பீச்சும் கருவியைச் 'சிவிறி' என்று மணிமேகலை குறிப்பிடுகிறது. சிறுவர்கள் மூங்கிலில் செய்து விளையாடிய பீச்சாங்குழலும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. ரப்பர் பலூனோ மேலைநாட்டு வரவு. 1824 ஆம் ஆண்டு இலண்டனில் மைக்கேல் ஃபாரடே என்னும் விஞ்ஞானி, வாயுக்களை அடைத்து ஆராய்வதற்காக அதனை உருவாக்கினார். ஆய்வுக்கூடத்தில் பிறந்த பொருள் பிள்ளைகளின் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

சிறுவர்களின் களிப்பை மார்க்கம் வெறுக்கவில்லை. அபூ உமைர் என்ற சிறுவனிடம், அவன் விளையாடி வந்த சிறு பறவையைப் பற்றிப் பெருமானார் (ஸல்) அவர்கள் பரிவோடு கேட்ட செய்தி நாம் அறிந்ததே. அதே பெருமானார் (ஸல்) அவர்கள், இரு கைகளும் சேர்ந்து ஏந்தும் ஒரு 'முத்' அளவு நீரில் உளூச் செய்து காட்டினார்கள். மகிழ்வும் சிக்கனமும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இவ்விரண்டுமே சான்று.

இனி, கணக்கைப் பார்ப்போம். சிறு பலூன் ஒன்றில் ஏறத்தாழ ஒரு தம்ளர் நீர் பிடிக்கும். நூறு பலூன்களுக்கு இரண்டு வாளி நீர் போதும். அந்த நீரும் செடி கொடிகளின் வேரில் விழுந்தால் வீணாவதில்லை. ஆனால், வெடித்த நூறு பலூன்களின் துணுக்குகள் புல்லிடையே சிதறிக் கிடக்கும். அவை மக்கிப் போக மாதங்களாகும்; ஆண்டுகளும் ஆகலாம். ஆகவே, நாம் பெரிதும் அஞ்ச வேண்டியது நீர்ச் செலவையன்று, நாம் விட்டுச் செல்லும் ரப்பரையே.

மலையில் இது இன்னும் கவலைக்குரியது. 1863 ஆம் ஆண்டு லெவிஞ் என்ற ஆங்கில அதிகாரி உருவாக்கிய கொடைக்கானல் ஏரி நிரம்பி வழியும் நீரே வெள்ளி நீர்வீழ்ச்சியாக விழுகிறது. பேரிஜம் ஏரி பெரியகுளத்து மக்களுக்குக் குடிநீர் தருகிறது. பழனி மலைத்தொடரில் பிறக்கும் மஞ்சளாறும் வராக நதியும் வையையைச் சேர்கின்றன. மேலே நாம் எறிவது கீழே பிறர் பருகும் நீரை நாடிச் செல்லக்கூடும். ஊருக்குள்ளேயே உலவும் காட்டுமாடுகள் புல்லோடு அத்துணுக்குகளை விழுங்கினால், குடல் அடைபட்டு வாயில்லா உயிர்கள் வதைபடும். 2022 ஜூலை முதல் நாடெங்கும் தடை செய்யப்பட்ட பொருள்களுள் பலூனுக்கான பிளாஸ்டிக் குச்சியும் ஒன்று. ரப்பர் பலூன் அப்பட்டியலில் இல்லை. எனினும், சட்டம் தடுக்காததெல்லாம் தகுமென்று பொருளாகாது.

உடல்நலத்தையும் மறத்தலாகாது. சுமார் 7,000 அடி உயரத்திலுள்ள கொடைக்கானலில் மே மாதப் பகலிலும் வெப்பம் 20 பாகை செல்சியஸை ஒட்டியே இருக்கும். மாலைக் குளிரில் ஈர உடையோடு நிற்கும் பிள்ளை நடுங்கிப் போகும். சமவெளி வெயிலுக்கு இதமான விளையாட்டு, மலைக்காற்றில் துன்பமாகிவிடும். மேலும், ஊதாத பலூனும் உடைந்த துணுக்கும் எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் தொண்டையில் சிக்கி மூச்சை அடைக்கவல்லவை. முகத்தைக் குறிவைத்து எறிந்தால் கண்ணுக்குக் கேடு.

அப்படியானால் விளையாட்டே வேண்டாமா? வேண்டும். பழைய துவாலையைக் கிழித்து, எலுமிச்சம்பழ அளவில் சுருட்டி நூலால் இறுகக் கட்டுங்கள். வாளி நீரில் தோய்த்து எறிந்தால் அதுவும் நனைக்கும். மீண்டும் எடுத்துத் தோய்க்கலாம். குப்பையும் சேராது, காசும் மிஞ்சும். பலூன்தான் வேண்டுமென்று பிள்ளைகள் அடம்பிடித்தால், சொந்த வீட்டு முற்றத்தில், நண்பகல் வெயிலில், மரத்தடியில் விளையாடட்டும். விளையாட்டு முடிந்ததும் துணுக்குகளை யார் அதிகம் பொறுக்குகிறார் என்று ஒரு போட்டி வையுங்கள். முதல் பரிசுக்கு ஒரு மாம்பழம் போதும்.

மலைக்குச் செல்லும்போது பலூன் பொட்டலத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுச் செல்லுங்கள். அங்கே அருவியும் மூடுபனியும் சோலைக்காடும் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கின்றன. காரணத்தை எடுத்துச் சொன்னால் பிள்ளைகள் கேட்பார்கள். தம் கையிலுள்ள நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பதை அறிந்துகொண்ட பிள்ளை, வளர்ந்த பின்னும் அதை வீணாக்காது.